கோடையும் ஒரு கிணறும்

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்துக் கண்டனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அப்பகுப்பினைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தவர்களே நாம். ஆனால் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவரிடம் ஆண்டுக்கு எத்தனை பருவம் என்று வினவினால், அவர் இரண்டு விரல்களை மட்டுமே மடக்குவார். ஒன்று மாரி, மற்றது கோடை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையே மாரி. எஞ்சிய காலத்திற் பெரும்பகுதி கோடை. வற்றாத ஆறு ஒன்றுதானும் இல்லாத அக்குடாநாட்டில், மாரி தந்ததைக் காத்துவைத்துக் கோடைக்குக் கொடுப்பது கிணறே. இக்கட்டுரை கோடையை அநுபவித்தல் பற்றியது. எனினும், அது ஒரு கிணற்றைச் சுற்றியே நடப்பதை வாசகர் பொறுத்தருள வேண்டும்.

பேராதனையிற் பணிபுரியும் என் போன்றோர்க்குக் கோடை என்பது தப்பியோட வேண்டிய ஒன்று. ஏப்ரல் நடுப்பகுதியிற் சித்திரைப் புத்தாண்டை அண்டி ஞாயிறு யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வந்து நிற்கின்றது. வடக்கே சென்று திரும்பும் வழியில், ஓகஸ்ட் மாத இறுதியில், மீண்டும் ஒருமுறை உச்சியில் நிற்கின்றது. இவ்விரண்டு உச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஊருக்குப் போவதை நான் பல்லாண்டுகளாகத் தவிர்த்து வந்தேன். மாணாக்கனாக இருந்தபோது பரீட்சையைக் காரணங் காட்டினேன். விரிவுரையாளனான பின்னர் விடைத்தாள்களைக் காரணங் காட்டினேன். நுவரெலியாவிற் கிறகறி வாவிக் கரையிலே கம்பளிச் சட்டையோடு நின்று பிடித்த படங்கள் எங்கள் வீட்டில் உண்டு. அம்மாவின் மாமரத்தடியிற் பிடித்த படம் ஒன்றுதானும் இல்லை.

எங்கள் வீடு நீர்வேலியின் கீழ்ப்புறத்தில் உள்ளது. வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற செம்பாட்டு மண் அவ்விடத்தில் வெளிறத் தொடங்கும். அதற்கப்பால் தரவை நிலம். அதற்கும் அப்பால் உப்பாற்றுக் கடலேரி. 2019ஆம் ஆண்டில் ஐயா காலமான பின்னர் அம்மா அங்கு தனியே இருந்தார். சகோதரிகள் இருவரும் கனடாவில். வீட்டைப் பூட்டிவிட்டு, அன்றேல் விற்றுவிட்டு, அம்மாவைக் கண்டிக்கு அழைத்து வருவது என்று நாங்கள் மூவரும் தொலைபேசியிலேயே முடிவுசெய்திருந்தோம். அம்மாவிடம் அதைச் சொல்லிச் சம்மதிக்கச் செய்யும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அதற்காகவே 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு கிழமைத் தங்கலுக்கென ஊருக்குப் புறப்பட்டேன். அந்த ஒரு கிழமை பதினொரு கிழமையாயிற்று.

அவ்வாண்டு நாடிருந்த நிலையை யாவரும் அறிவர். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. பெற்றோல் வரிசைகள் ஊர்களைக் கடந்து சென்றன. வரிசையில் நின்றபடியே உயிர்நீத்தாரும் உளர். யூன் மாதத்திற் பல்கலைக்கழக விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் அமைச்சரவை தீர்மானித்தது. திரும்பிச் செல்ல வண்டி நிச்சயமில்லை. திரும்பிச் சென்றாலும் ஆற்றும் பணி இல்லை. மாமரத்தடியிலே கதிரையைப் போட்டு, தொலைபேசி அலை கிடைக்கும் மூலையிலிருந்து விரிவுரை நிகழ்த்தினேன். மற்றைய நேரமெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

தோட்டம் தொடங்கியது நல்ல எண்ணத்தினால் அன்று. சும்மா இருக்க முடியாமையினாலேயே. ஐயா இருந்த காலத்திற் கறிபாத்தியாக இருந்த நிலம் நெருஞ்சியும் அறுகும் மண்டிக் கிடந்தது. மண்வெட்டியை எடுத்தேன். முதல் நாளிலேயே உள்ளங்கையிற் கொப்புளம் எழுந்தது. முழங்கால் நோவினால் விறாந்தையை விட்டு இறங்காத அம்மா, அங்கிருந்தபடியே என்னை நடத்தினார்.

“தம்பி, உச்சி வெய்யிலிலை தண்ணி ஊத்தாதை. வேர் அவிஞ்சு போகும்.”

“இலைக்கு இல்லை, அடிக்கு ஊத்து.”

“கீரை விதையை உப்புத் தூவுற மாதிரித் தூவு. நீ சோறு போடுற மாதிரிப் போடுறாய்.”

உரம் இல்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியபோதும் உரம் எளிதிற் கிடைக்கவில்லை. கிடைத்ததன் விலை எட்டவில்லை. அம்மா இதற்காகக் கலங்கவில்லை. வேலியிற் பூவரசு தழைத்திருந்தது. குழை வெட்டித் தாழ்ப்பது எங்ஙனம், மேலே எவ்வளவு மண் மூடுவது, எத்தனை நாளின் பின் நடுவது என்பவற்றை எழுத்தறிவிப்பது போல எனக்கு அறிவித்தார். அயலிலே மாடு வளர்ப்பவர்களிடம் எருக் கேட்டேன். பல்கலைக்கழகத்திற் கலாநிதி என விளிக்கப்படும் ஒருவன் சைக்கிளிற் சாணிக் கடகத்தோடு ஒழுங்கையால் வருவதை ஊர் வேடிக்கையாகவே பார்த்தது.

எங்களைப் போல அம்மா இந்த நெருக்கடியைப் புதுமையாகக் காணவில்லை. எழுபதுகளின் முற்பகுதியிலே, இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், மரவள்ளிக்கிழங்கு உண்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. யாழ்ப்பாணத்து வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்ததும் அக்காலத்திலேதான். பின்னர், 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தை நானே அறிவேன். மின்சாரம் அற்றுப்போயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டோம். போத்தல் விளக்கில் எண்ணெய்க்குக் கணக்குப் பார்த்துப் படித்தோம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். 2022இல் அம்மா பனங்கட்டிக் குட்டான் ஒன்றை அடுக்களையிலிருந்து எடுத்து வந்து வைத்தபோது, முப்பது ஆண்டுகளின் முன்னைய ஒரு மாலைப்பொழுது அதன் மணத்தோடு வந்து நின்றது.

இருபத்தைந்து நாள்களிற் கீரை வந்தது. ஐம்பதாம் நாளளவில் வெண்டியும் பயிற்றையும் காய்த்தன. நாமே வளர்த்த கீரையைக் கடைந்து உண்பதில் ஒரு சுவை உண்டு என்று கட்டுரைகளில் எழுதுவார்கள். அது உண்மையே. ஆயினும் அச்சுவைக்கு முன்னால் நேர்ந்த ஒரு தவறினை நான் மறைத்தல் தகாது.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. காணி உறுதியிற் சரிபாதி எங்களுக்கும், மறுபாதி அடுத்த வளவாருக்கும், வழி வாய்க்கால் உரித்தோடு எழுதப்பட்டுள்ளது. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் இன்ன நாள் இன்னாருக்கு என்று இறைப்பு முறை இருந்தது. இப்போது இரு வீட்டாருக்கும் தனித்தனி மோட்டர்கள். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத பதற்றத்தினால், அது உள்ளபோதெல்லாம் நான் மோட்டரைப் போட்டேன். நாளுக்கு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று பத்து நாள்கள் இறைத்தேன். பாத்திகள் நிறைந்து வழிவதைக் காண்பதில் எனக்கு ஒரு களிப்பு. வெப்பத்தை வென்றுவிட்டேன் என்னும் இறுமாப்பு.

பதினோராம் நாட்காலை அம்மா தேநீரை ஒரு மிடறு பருகிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தண்ணி சவர்க்குது” என்றார்.

நான் நம்பவில்லை. இரண்டு நாள்களிற் கத்தரிக் கன்றுகளின் இலை ஓரங்கள் கருகியபோது நம்பினேன். அடுத்த வளவு அண்ணர் அப்போதுதான் நூற்றுக்கணக்கான வாழைக் குட்டிகளைப் புதிதாக நட்டிருந்தார். அவருக்கும் அதே கிணறு. நான் வேலியோரம் நின்று, “அண்ணை, பிழை என்னிலைதான்” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “நாலஞ்சு நாள் விட்டா ஆறிடும் தம்பி. கிணத்துக்கும் மூச்சு விட நேரம் வேணும்” என்று சொல்லி, தம் வாழைகளுக்குத் தூரத்துக் கிணற்றிலிருந்து வாளியில் நீர் சுமந்தார். அவர் கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அந்நாள்களில் எங்கள் குடிதண்ணீரைச் சைக்கிளிற் கொண்டுவந்தவரும் அவரே.

அம்மா மட்டும் மாலையில் ஒரு சொல்லாற் சுட்டார்: “இறைச்ச கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் எண்டு சொல்லுவினம். ஆனா நீ செய்தது இறைப்பில்லை. கொள்ளை.”

அடுத்த கிழமை, “ஒருக்கா நிலாவரைக்குப் போட்டு வா” என்று அனுப்பினார். பெற்றோல் இன்றி ஐயாவின் மோட்டார் சைக்கிள் மூலையிற் கிடந்தது. அவருடைய பழைய சைக்கிளிற் போனேன். அதிகாலையில், சோளகக் காற்று பலமாக எழுமுன்னர், இரு புறமும் வாழையும் வெங்காயமுமாக விரிந்த தெருவிற் சைக்கிளிற் செல்வதன் இன்பத்தை நான் மறந்தே போயிருந்தேன். நிலாவரைக் கிணற்றின் அடி காண முடியாது என்றும், இராமபிரான் அம்பினால் உண்டாயது என்றும் இளமையிற் கேட்டிருக்கிறோம். நான் இம்முறை கண்டது வேறு. சுண்ணாம்புக்கற் பாறை குடைவுண்டு வாய்திறந்த இடம் அது. மேலே நன்னீர், ஆழஞ் செல்லச் செல்ல உவர்நீர். குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் இதே அமைப்புத்தான். மாரியிற் கற்பிளவுகளூடே இறங்கிய மழைநீர், கடலோடு தொடர்புடைய உவர்நீரின்மேல், அதனினும் இலேசானது ஆகையால், ஒரு வில்லைபோல மிதந்து கிடக்கின்றது. அளவோடு எடுத்தால் அது வில்லை குலையாமல் இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால், நன்னீர் விட்ட இடத்துக்கு உவர் மேலெழும். பாடநூலிற் படித்ததுதான். ஆனால் என் கையாலேயே அதனைச் செய்துவிட்டு வந்து நின்றபோது, படித்தது வேறு அறிந்தது வேறு என்பதை உணர்ந்தேன். இரசாயன உரத்தின் எச்சமும் இதே நீரிற்றான் இறங்குகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமைக்கு மலசலகூடக் குழிகளோடு அதுவும் ஒரு காரணம். வில்லை சிறியது; நாம் எல்லோரும் அதன்மேலேதான் இருக்கிறோம்.

ஐந்தாறு நாள் ஓய்வின்பின் நீர் மெல்லத் தெளிந்தது. கருகிய கன்றுகளிற் பாதி பிழைத்தன. அதன்பின் மோட்டரை நான் தொடவில்லை. காலையில் இருபது வாளி, மாலையில் இருபது வாளி. கப்பியில் இழுத்துக் கையால் ஊற்றினேன். யூலை 9ஆந் திகதி கொழும்பிற் சனாதிபதி மாளிகையினுள் மக்கள் திரள் புகுந்ததை வானொலி சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் பதின்மூன்றாம் வாளியில் நின்றேன். கேட்பதற்காகச் சற்றே நின்றுவிட்டேன். “அதுகள் போகட்டும், கத்தரி வாடுது” என்றார் அம்மா. வரலாற்றிடம் அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவே. அரசுகள் பல வந்து போனதை அவர் கண்டவர். வாடிய கத்தரி தானே நிமிர்ந்ததைக் கண்டதில்லை.

அக்கோடையின் உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். யூன் மாதம் கறுத்தக் கொழும்பான் பழுத்து விழும் காலம். முதற் பழம் ஐயாவின் படத்தின் முன்னும் இரண்டாவது அடுத்த வளவுக்கும் சென்றன. பழஞ்சோற்றிலே மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இட்டுப் பிசைந்து காலையிற் குடித்தால், நண்பகல் வரை வெயில் ஒன்றுஞ் செய்யாது. ஆடி முதல் நாளில் வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த ஆடிக்கூழ். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடிச் சிறப்பித்த அப்பண்டிகையை நான் இருபது ஆண்டுகளாகப் பாட்டில் மட்டுமே கொண்டாடி வந்திருக்கிறேன். பின்னொரு நாள் இரவு ஒடியற்கூழ். மண்ணெண்ணெய் இன்றி இயந்திரப் படகுகள் கரையிற் கிடந்தமையால், கடலேரியிற் பிடிபட்ட சிறுமீனும் நண்டும் இறாலுமே கிடைத்தன. அவற்றோடு எங்கள் பாத்திப் பயிற்றங்காயும் அயலாரின் மரவள்ளியும் பலாக்கொட்டையும் முருங்கை இலையும் சேர்ந்தன. இரு வீட்டாரும் முற்றத்திற் சுற்றியிருந்து பலா இலையைக் கோலிக் குடித்தோம். சவர்த் தண்ணீர் பற்றி எவரும் பேசவில்லை. அண்ணர் மூன்றாம் முறையும் இலையை நீட்டியபோது, அந்தக் கணக்குத் தீர்ந்தது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்றேன். தந்தையை இழந்தோர் நீராடிப் பிதிர்க்கடன் ஆற்றும் நாள் அது. முந்திய ஆண்டுகளில் நான் ஒருமுறையேனும் செய்யாத கடன். 1990க்கு முன், சிறுவனாக இருந்தபோது, ஐயா இதே சைக்கிளின் முன்பாரில் என்னை இருத்தி அங்கு கூட்டிச் சென்றிருக்கிறார். கடலுக்கு மிக அருகிலே, கரையிலேயே சுரக்கும் நன்னீர்க் கேணி. ஒரு பாய்ச்சலிற் குளிர். மதிலுக்கு அப்பால் உப்பு. போர்க்காலத்தில் அது எளிதில் எட்டாத இடமாயிற்று. 2009இன் பின்னர்ப் படிப்படியாகவே வழி திறந்தது. வலிகாமம் வடக்கின் தெருக்களிற் செல்லும்போது, கம்பிவேலிக்கு அப்பாற் காடு மண்டிக் கிடந்த வளவுகளைக் கண்டேன். 1990இல் எழுந்து சென்றவர்களின் வளவுகள். கூரையில்லாச் சுவர்கள், நடுவே ஆல் முளைத்த கிணற்றுக் கட்டுகள். இறைக்காத கிணறு நாறும் என்று அம்மா சொன்னது அவ்விடத்தில் நினைவுக்கு வந்தது. அவர்கள் விரும்பிப் பூட்டிச் சென்றவர்கள் அல்லர். எங்கள் வீட்டை நாங்கள் விரும்பியே பூட்ட நினைத்தோம். கேணியில் மூழ்கி எழுந்தபோது என் மனத்தில் ஐயாவும் இருந்தார். அந்தக் கிணறுகளும் இருந்தன.

இவற்றைப் படிக்கும் மாணவ நண்பர் ஒருவர், வறுமையை விழாவாக்குகிறீர் என்று என்னைக் கடிந்துகொள்ளலாம். அக்கடிதல் நியாயமானதே. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. நான்கு பரப்புக் காணியும் ஒரு கிணற்றில் அரைப்பங்கும் மாதச் சம்பளமும் உள்ளவனுக்குக் கோடை ஒரு சுவை. லயத்து அறையில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கும் நகரத்து வாடகைக் குடிக்கும் அக்காலம் வெறும் பசியே. வீட்டுத்தோட்டத்தினால் நாட்டின் பிழைகள் தீரா. கீரைப் பாத்தியைக் காட்டி எவரும் பொறுப்பிலிருந்து தப்பவும் ஒண்ணாது. நான் சொல்ல விழைவது இவ்வளவே: இன்பம் என்பது தூரத்தே, குளிர்ந்த மலையில், பணங்கொடுத்துப் பெறும் பொருள் என்று எண்ணியிருந்தேன். அது அளவறிந்து எடுக்கும் நீரில் இருந்தது. மிகுதியாக எடுத்தபோது எனக்கும் கெட்டது, அயலாருக்கும் கெட்டது. எடுக்காமலே விட்டிருந்த ஆண்டுகளில் அது யாருக்கும் பயன்படவில்லை.

ஓகஸ்ட் இறுதியில், ஞாயிறு இரண்டாம் முறை உச்சிக்கு வந்த நாள்களிற் புறப்பட்டேன். பனம்பழம் விழத் தொடங்கியிருந்தது. பதினொரு கிழமையாக விழுங்கி வந்ததை அன்றிரவு சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “மாரிக்கு வாறன். முழங்காலுக்கு அங்கத்தைக் குளிர் ஒத்துவராது, எண்டாலும் பேரப்பிள்ளையளுக்காக வாறன். கோடைக்கு நீ வா. கிணத்தை ஆர் பாக்கிறது?” என்றார்.

பாலைத் திணைக்கு வேனிலைப் பொழுதாகவும் பிரிவை உரிப்பொருளாகவும் வகுத்தனர் இலக்கணகாரர். அதனை வகுப்பறையிற் பன்முறை விளக்கியவன் நான். கோடை முழுவதும் ஒரு தாய் தனித்திருந்த வீட்டுக்கு அவ்விலக்கணம் எவ்வளவு பொருந்தும் என்பதை எண்ணிப் பார்த்தவன் அல்லன்.

அதன் பின் ஒவ்வொரு கோடையும் சென்று வருகிறேன். சகோதரிகள் இன்னும் காணியின் விலையைப் பற்றிக் கேட்கிறார்கள். அம்மாவுக்குப் பின் என்ன என்னும் வினாவுக்கு என்னிடமும் விடை இல்லை. ஆயினும் தொலைபேசியில் அம்மா முதலிற் சொல்வது தம் சுகத்தை அன்று, கிணற்றின் சுகத்தை. உட்கட்டிற் பிதுங்கி நிற்கும் கறுத்தக் கல்லுக்கு மேலே நீர் நிற்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்பதைச் சொல்லிய பின்னரே மற்றைய செய்திகள். சென்ற கிழமை, கல்லுக்கு ஒரு முழம் மேலே என்றார். எனக்கும் அது நல்ல செய்தியாகவே கேட்டது.